பேச்சு மறந்தாலும் பந்தி மறவாதோர்



பிறந்த மண்ணை விட்டுக் கடல் கடந்து குடியேறும் மக்கள் தம் தாய்மொழியை எத்தனை தலைமுறை காப்பாற்றுவர்? முதல் தலைமுறை அதிலேயே பேசி, அதிலேயே செபித்து, அதிலேயே சண்டையும் இடும். இரண்டாம் தலைமுறை வீட்டில் ஒரு மொழியும் வீதியில் வேறொரு மொழியுமாக வாழும். மூன்றாம் தலைமுறை பாட்டி பேசுவதைப் புரிந்துகொள்ளும். மறுமொழியோ நாட்டு மொழியில்தான் வரும். நான்காம் தலைமுறைக்கு எஞ்சுவன சில சொற்களும் சில பண்டங்களுமே. அந்நிலையில் அவர்களை அவர்களாகவே வைத்திருப்பது எது?

இக்கேள்விக்கு ஏட்டுக் கல்வியாலன்றி வாழ்க்கையாலேயே விடை கண்ட ஒரு சிறு மக்களினத்தைப் பற்றி இத்திங்கள் சிந்திப்போம். கனடாவிலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் குடியேறிய ஐஸ்லாந்து மக்களே அவர்கள். ஐஸ்லாந்து நாட்டின் மக்கள்தொகை இன்றும் நான்கு லட்சத்தை எட்டவில்லை. ஆனால் 2016ஆம் ஆண்டுக் கனடா மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தம் முன்னோர் ஐஸ்லாந்தர் என்று பதிந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர். இவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு ஐஸ்லாந்து மொழி தெரியாது. இருந்தும் வின்னிபெக், டொராண்டோ, வான்கூவர், கால்கரி, எட்மண்டன், சியாட்டில் முதலிய நகரங்களில் இவர்களுடைய சங்கங்கள் ஆண்டுதோறும் கூடுகின்றன, உண்கின்றன, பாடுகின்றன, இறந்தோரை நினைக்கின்றன. இது எவ்வாறு நிகழ்கிறது?

பனித்தீவை விட்டு

வட அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே, எரிமலையும் பனியாறும் அடுத்தடுத்து நிற்கும் தீவு ஐஸ்லாந்து. 1870ஆம் ஆண்டளவில் அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 70,000 பேர். டென்மார்க் மன்னரின் ஆட்சி நிலவிய காலம் அது. ஆடு வளர்த்தலும் மீன் பிடித்தலுமே பிழைப்பு. கடுங்குளிர் ஆண்டுகளில் கடற்பனி கரையை அடைத்துக்கொள்ளும், புல் முளைக்காது, ஆடுகள் மடியும். சொந்த நிலம் இல்லாதவர்கள் பிறர் பண்ணைகளில் வேலைக்காரராகவே வாழ்நாளைக் கழிக்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் மேலாக 1875ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஆஸ்க்யா எரிமலை வெடித்தது. கிழக்குப் பகுதியின் மேய்ச்சல் நிலங்கள் சாம்பலில் புதைந்தன.

புறப்பாடு அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1870 முதல் 1914 வரை ஏறத்தாழ 15,000 பேர் வட அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். ஐந்து பேர் அமர்ந்த பந்தியில் ஓர் இலை வெறுமையானது போன்ற இழப்பு அது.

1874இல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்துக் கின்மவுண்ட் என்னும் ஊருக்கு இருப்புப்பாதை வேலைக்காக வந்த கூட்டத்தினர், நெருக்கடி மிகுந்த குடியிருப்புகளில் தங்க நேர்ந்தது. முதற் குளிர்காலத்திலேயே குழந்தைகள் பலரைப் புதைத்தனர். அங்கிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டவர்கள் 1875 அக்டோபர் 21ஆம் நாள், வின்னிபெக் ஏரியின் மேற்குக் கரையில் தட்டைப் படகுகளிலிருந்து இறங்கினர். இருநூற்றுக்கும் மேற்பட்டோர். ஏரி உறையத் தொடங்கும் பருவம். தங்கள் ஊருக்கு அவர்கள் இட்ட பெயர் கிம்லி. அவர்களுடைய பண்டைய புராணத்தில், உலகம் அழிந்த பின்னும் நல்லோர் வாழும் அழகிய இருப்பிடத்தின் பெயர் அது. கரையோரமாக நீண்டு கிடந்த அக்குடியேற்றத்துக்குப் 'புதிய ஐஸ்லாந்து' என்று பெயர் வழங்கிற்று.

பெயரில் இருந்த நம்பிக்கைக்கு முதல் இரண்டு ஆண்டுகள் கொடுஞ்சோதனையாயின. மரமே அரிதான நாட்டிலிருந்து வந்தவர்களுக்குக் கோடரி பிடிக்கத் தெரியவில்லை. கடல் மீனுக்குப் பின்னிய வலைகள் ஏரி மீனுக்குப் பொருந்தவில்லை. 1876இல் மேலும் ஆயிரத்துக்கும் அதிகமானோர் வந்து சேர்ந்தனர். அவர்களோடு பெரியம்மையும் வந்தது. அவ்வாண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலுமாக ஐஸ்லாந்தர் ஏறத்தாழ நூறு பேர் மாண்டனர்.

அப்பகுதியில் முன்பே வாழ்ந்துவந்த பழங்குடி மக்களை அந்நோய் இன்னும் கொடுமையாக வாட்டிற்று. அவர்களுள் ஜான் ராம்சே என்பவர் குடியேறியவர்களுக்கு வேட்டையும் குளிர்கால வாழ்க்கை முறையும் சொல்லிக் கொடுத்து உதவியவர். அவருடைய மனைவி பெட்சி பெரியம்மையால் இறந்தார். தம் மக்களின் நிலத்தில் வந்து குடியேறியவர்களுக்கே உதவிய அம்மனிதர், மனைவியின் கல்லறைக்குச் சலவைக் கல் ஒன்றை அரும்பாடுபட்டுக் கொண்டுவந்து நாட்டினார். அக்கல் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. ஐஸ்லாந்தர் தம் வரலாற்றைச் சொல்லும்போது ராம்சேயின் கதையையும் சேர்த்தே சொல்கின்றனர். தம் துன்பத்தை மட்டும் நினைவில் வைத்துத் தம்மால் பிறர் இழந்ததை மறந்துவிடும் மரபு, பாதி மரபே.

விளக்கொளியில் ஒரு வாசிப்பு

அம்மை நோய்க்காகப் போடப்பட்டிருந்த தடைக்காவல் நீங்கிய 1877ஆம் ஆண்டில், கனடாவின் தலைமை ஆளுநர் டஃபரின் பிரபு கிம்லிக்கு வந்தார். குடிசைகளுக்குள் சென்று பார்த்த அவர் வியந்தது ஒன்றைக் குறித்து: சுவர் வெறுமையாயினும், தட்டுமுட்டுச் சாமான் குறைவாயினும், ஒவ்வொரு குடிலிலும் இருபது முப்பது நூல்கள் இருந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் அக்காட்டு மக்கள் சொந்தச் செய்தித்தாள் ஒன்றையும் தொடங்கினர். 'முன்னேற்றம்' எனப் பொருள்படும் 'ஃப்ராம்ஃபாரி' என்பது அதன் பெயர். வயிற்றுக்கே வழியில்லாதவர்களுக்கு அச்சுப்பொறி எதற்கு என்று நமக்குத் தோன்றலாம்.

அதற்கு விடை, தாயகத்தில் அவர்கள் வாழ்ந்த முறையில் இருக்கிறது. ஐஸ்லாந்தின் குளிர்கால இரவு மிக நீண்டது. பண்ணை வீட்டின் ஒரே பெரிய அறையில் வீட்டார், வேலையாட்கள் அனைவரும் கூடியிருப்பர். பெண்கள் நூல் நூற்பர். ஆண்கள் கம்பளி அடிப்பர். குழந்தைகளும் பின்னல் ஊசி பிடிப்பர். ஒருவர் மட்டும் விளக்கருகே அமர்ந்து பழைய வீரகாதைகளையும் சமய நூல்களையும் உரக்க வாசிப்பார். வாசிப்பு, வேலை, செபம் மூன்றும் ஒரே அறையில், ஒரே விளக்கில் நடந்தன. எழுத்தறிவு பள்ளிக்கூடத்தில் பிறக்குமுன் அடுப்பங்கரையில் பிறந்த நாடு அது.

அந்த அறையைக் கனடாவுக்குப் பெயர்த்துக் கொண்டுவர முடியவில்லை. குடும்பங்கள் தனித்தனி நிலங்களில் சிதறி வாழ்ந்தன. ஆகவே அந்த அறை ஆற்றிய பணியைச் சங்கங்கள் ஏற்றுக்கொண்டன. ஊருக்கு ஊர் வாசிப்புச் சங்கம் அமைத்து, பணம் சேர்த்து நூல்கள் வாங்கி, வீடு வீடாகச் சுற்றுக்கு விட்டனர். மாதர் சங்கங்கள் புதிதாக வந்திறங்கியோர்க்கு உணவும் இடமும் தேடிக் கொடுத்தன, நோயுற்றோரைக் கவனித்தன, நாடகம் நடத்தியும் காப்பி விருந்து வைத்தும் நிதி திரட்டின. வின்னிபெக் நகரின் முதல் லூத்தரன் ஆலயத்து மாதர் சங்கத்தின் முயற்சியால் 1915இல் தோன்றிய 'பெத்தேல்' முதியோர் இல்லம் இன்றும் கிம்லியில் நடைபெறுகிறது. மொழி தெரியாத நாட்டில், தம் மொழி பேசுவோர் அருகில் இருக்க முதியோர் கண்மூட வேண்டும் என்ற எண்ணமே அதற்கு வித்து. 1919இல் இத்தகைய முயற்சிகளை ஒருங்கிணைக்க ஐஸ்லாந்து தேசியச் சங்கம் வின்னிபெக்கில் நிறுவப்பெற்றது. இன்று பல நகரங்களில் உள்ள சங்கங்கள் அதன் கிளைகளாக விளங்குகின்றன.

ஆண்டு வட்டம்

இச்சங்கங்கள் என்னதான் செய்கின்றன என்று கேட்பீர்கள். ஆண்டு முழுவதும் அவர்களோடு ஒரு முறை நடந்து வருவோம்.

சனவரி நடுப்பகுதி முதல் பெப்ரவரி நடுப்பகுதி வரை உள்ள திங்களுக்கு ஐஸ்லாந்தின் பழைய நாட்காட்டியில் 'தோரி' என்று பெயர். அத்திங்களில் நடப்பது 'தோராபுளோட்' என்னும் பெருவிருந்து. வாட்டிய ஆட்டுத்தலை, புளித்த மோர்நீரில் ஊறிய இறைச்சி, வெண்ணெய் தடவிய கருவாடு, கம்பு போன்றதொரு கருந்தானிய ரொட்டி, கட்டித்தயிரை ஒத்த 'ஸ்கீர்' ஆகியவை பந்திக்கு வரும். பல திங்கள் பதப்படுத்திய சுறா இறைச்சியும் சிறு துண்டுகளாக வரும். அதன் நாற்றத்துக்கு அஞ்சி இளைஞர் மூக்கைப் பிடிப்பதும், பெரியவர்கள் வம்புக்கேனும் ஒரு துண்டை வாயிலிட்டுக் காட்டுவதும் விருந்தின் ஒரு பகுதி. பின்னர் சொற்பொழிவு, கூட்டுப் பாட்டு, நடனம்.

ஏப்ரல் 19க்கும் 25க்கும் இடையே வரும் வியாழக்கிழமை, 'கோடையின் முதல் நாள்'. வெளியே பனி கிடந்தாலும் சரி, நாட்காட்டி கோடை என்று சொல்லிவிட்டது. ஆதலால் வாழ்த்துக் கூறிக்கொள்வர். சூன் 17 ஐஸ்லாந்தின் தேசிய நாள். 1944இல் அந்நாடு குடியரசானபோது, விடுதலை இயக்கத் தலைவர் யோன் சிகுர்த்சன் பிறந்த அந்நாளையே தேர்ந்துகொண்டனர். அன்று சங்கத்தார் பூங்காக்களில் கூடிக் கொடியேற்றுவர். குழந்தைகளுக்கு ஓட்டப் பந்தயம் வைப்பர். வின்னிபெக்கில் மானிடோபா சட்டமன்ற வளாகத்திலேயே யோன் சிகுர்த்சனுக்குச் சிலை உண்டு.

ஆகஸ்டு தொடக்கத்தில் வருவது 'ஐஸ்லாந்தர் நாள்'. 1874ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், தாயகத்தில் மக்கள் குடியேறி ஆயிரம் ஆண்டுகள் நிறைவுற்றதை நினைத்து, அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் சிறு கூட்டம் ஒன்று வழிபாடு நடத்தி ஊர்வலம் சென்றது. 1890 முதல் வின்னிபெக்கில் ஆண்டுவிழாவாக நடந்து, 1932இல் கிம்லிக்கு மாறியது. இப்போது ஐஸ்லாந்தர் அல்லாத பல்லாயிரவரும் வந்து கலந்துகொள்ளும் பெருவிழா அது.

இலையுதிர் காலத்தில் மொழி வகுப்பு, நூல் கலந்துரையாடல், பின்னல் வேலை, குடும்ப வழிமரபு தேடல் ஆகியன நடைபெறும். திசம்பரில் கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டிக் குழந்தைகள் கூடுவர். டிசம்பர் 12 முதல் ஒவ்வோர் இரவும் ஒருவராக மலையிலிருந்து இறங்கிவரும் பதின்மூன்று குறும்பர்களின் கதை சொல்லப்படும். ஒருவன் கரண்டி நக்குவான்; ஒருவன் கதவை அறைவான்; ஒருவன் மெழுகுதிரி திருடுவான். மெல்லிய அப்பத்தில் கத்தியால் இலைக்கோலம் வெட்டிப் பொரிப்பதும் அக்காலத்து வேலைதான்.

ஏழடுக்கில் ஒரு பாடம்

மேற்கண்டவற்றையெல்லாம் பார்ப்பவர், 'ஆயிரம் ஆண்டுப் பழமையை அப்படியே காத்து வருகிறார்களே' என்று எண்ணக்கூடும். உண்மை அதனினும் சுவையானது.

தோராபுளோட் என்னும் பெயர் பழமையானது. ஆனால் இன்று நாம் காணும் விருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் மாணவர்களும் தேசப்பற்றாளர்களும் புதுப்பித்தது. கழுத்தைச் சுற்றிக் கோலம் வரும் ஐஸ்லாந்துக் கம்பளிச் சட்டையோ இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் பரவிற்று. முதலில் குடியேறியவர்கள் அதைக் கண்டதேயில்லை.

எல்லாவற்றிலும் வியப்பானது 'வீனர்தெர்த்தா' என்னும் பணியாரம். அதன் பெயருக்கே 'வியன்னா கேக்' என்பது பொருள். மெல்லிய மாவு அடுக்குகளுக்கு இடையே, ஏலக்காய் மணக்கக் காய்ச்சிய உலர்ந்த பிளம் பழக் கூழைப் பூசி அடுக்குவர். ஏழு அடுக்கு என்பது பலருடைய கணக்கு. ஐரோப்பியக் கண்டத்திலிருந்து வந்த நாகரிகப் பண்டமாக, குடிபெயர்வு நடந்த காலத்தில் ஐஸ்லாந்தில் அது பெருமையோடு செய்யப்பட்டது. பின்னர் அங்கே அதன் புகழ் மங்கி, வேறு பெயரிலும் வேறு பழக்கூழிலும் மாறிப்போயிற்று. கனடா சென்றவர்களோ தாங்கள் புறப்பட்ட நாளில் கண்டதையே விடாது செய்தனர். பிறந்த நாட்டில் மாறியது, சென்ற நாட்டில் நிலைத்தது! இன்று திருமணமாயினும், கிறிஸ்து பிறப்பு விழாவாயினும், அடக்கச் சடங்குக்குப் பிந்திய காப்பி விருந்தாயினும் அப்பணியாரம் இல்லாமல் முடியாது. அடுக்கு ஏழா, ஐந்தா? மேலே சர்க்கரைப் பூச்சு உண்டா, இல்லையா? இவ்விரு கேள்விகளையும் எழுப்பிவிட்டால் இரண்டு நல்ல குடும்பங்களுக்குள் ஒரு மாலைப்பொழுது முழுவதும் வழக்கு நடக்கும்.

இதிலிருந்து நாம் காண்பது யாது? ஒரு பொருள் பழையதாக இருப்பதனால் அது மரபாகிவிடுவதில்லை. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறுவதனாலேயே மரபாகிறது. திருச்சபை 'மரபு' என்று கூறும் இடத்தில் இலத்தீன் மொழி வழங்கும் சொல்லுக்கும் 'கையளித்தல்' என்பதே பொருள். அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பெட்டியில் பழமை இருக்கும், கையளித்தல் இராது. பாட்டி அடுக்கைப் பரப்ப, பேத்தி கூழைப் பூசும் சமையலறையில் அது இருக்கும்.

எஞ்சி நின்ற சொல்

மொழியைப் பற்றியும் பேசவேண்டும். ஏனெனில் அங்கேதான் அவர்களுடைய பெரிய இழப்பு.

அவர்கள் முயலாமல் இழக்கவில்லை. 'ஹெய்ம்ஸ்கிரிங்லா' என்னும் வார இதழ் 1886இலும், 'லோக்பெர்க்' என்னும் வார இதழ் 1888இலும் வின்னிபெக்கில் தோன்றின. சிறுவர்க்குச் சனிக்கிழமை மொழிப்பள்ளிகள் நடத்தினர். மக்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த நிதியால் 1951இல் மானிடோபா பல்கலைக்கழகத்தில் ஐஸ்லாந்து மொழிக்கு ஒரு பேராசிரியர் இருக்கையே அமைந்தது. பகலெல்லாம் உழுதுவிட்டு இரவில் கவி பாடிய ஸ்டீபன் ஸ்டீபன்சன் போன்ற பெருங்கவிஞர்கள் அம்மண்ணில் வாழ்ந்தனர். 1889இல் ஆல்பர்ட்டாவில் குடியேறி 1927இல் மறைந்த அவரை ஐஸ்லாந்தே தன் சிறந்த கவிஞர்களுள் ஒருவராகப் போற்றுகிறது.

இருந்தும் பள்ளிக்கூடமும் வேலையும் திருமணமும் ஆங்கிலத்தையே வீட்டுக்குள் கொண்டுவந்தன. ஆலய வழிபாடு ஆங்கிலத்துக்கு மாறிற்று. இரு இதழ்களும் 1959இல் ஒன்றாக இணைந்தன. அவ்விதழ் இன்றும் வெளிவருகிறது. ஆனால் பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

பெயர்களும் மாறின. ஐஸ்லாந்தில் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் கிடையாது. யோனுடைய மகன் 'யோன்சன்'. மகள் 'யோன்ஸ்தோத்திர்', அதாவது யோனின் மகள். கனடாவில் எழுத்தர் கேட்ட குடும்பப் பெயருக்குத் தந்தை பெயரையே கொடுத்துவிட, பேத்தியும் கொள்ளுப்பேத்தியும்கூட 'யோனின் மகன்' என்றே பதிவாயினர். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக இடும் நம் குடும்பத்தார் வெளிநாடு சென்று, தந்தை பெயரே குடும்பப் பெயராகிவிடக் கண்டு திகைப்பதை நாம் அறிவோம் அல்லவா? அந்தத் திகைப்பு அவர்களுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்தது.

ஆயினும் ஒரு சொல் மட்டும் போகவில்லை. ஐஸ்லாந்து மொழியில் பாட்டியை அழைக்கும் சொல் என்ன தெரியுமா? 'அம்மா'! தாத்தாவுக்கு 'ஆவி'. ஐஸ்லாந்து மொழியில் ஒரு வாக்கியமும் அமைக்கத் தெரியாத ஐந்தாம் தலைமுறைக் குழந்தைகூட, ஆங்கிலத்திலேயே பேசிக்கொண்டு, பாட்டியை 'அம்மா' என்றே கூப்பிடுகிறது. நூல்நிலையங்களாலும் பள்ளிகளாலும் காக்க முடியாததை அந்த மடி காத்தது.

பாட்டியருக்கு ஒரு பீடம்

இதை அம்மக்கள் தம் விழாவிலேயே பொறித்து வைத்துள்ளனர். ஐஸ்லாந்தர் நாளின் தலைமை இடம் 'ஃபியாட்ல்கோனா' என்னும் மலைமகளுக்கு உரியது. ஐஸ்லாந்து நாட்டையே தாயாக உருவகிக்கும் பெயர் அது. 1924 முதல் ஆண்டுதோறும் ஒரு பெண்மணி அவ்விடத்தில் அமர்த்தப்படுகிறார். வெண்ணிற ஆடை, பச்சை மேலங்கி, உயர்ந்த தலையணியுடன் மேடையில் வீற்றிருந்து மக்களுக்கு வாழ்த்துரை வழங்குவார். முன்னோர் நினைவுக் கற்குவியலில் மலர் வளையம் வைப்பார்.

இதை அழகிப் போட்டி என்று கருதிவிட வேண்டாம். பெரும்பாலும் பேரப்பிள்ளைகள் கண்ட மூதாட்டியே தேர்ந்தெடுக்கப்படுவார். சங்கத்துக்கும் ஊருக்கும் பல்லாண்டு உழைத்ததே தகுதி. விருந்துக்கு மாவு பிசைந்தவர், முதியோர் இல்லத்துக்குப் போர்வை பின்னியவர், கணக்கேடு எழுதியவர், கூட்டம் முடிந்தபின் நாற்காலி மடக்கியவர். சமையலறையில் நின்ற பெண்மணியை ஆண்டுக்கு ஒரு நாள் மேடையில் ஏற்றி, நாட்டின் தாய் நீயே என்று ஒரு மக்களினமே எழுந்து நின்று வணங்குகிறது. நம் பங்குகளில் இத்தகைய எத்தனை பேர் பெயர் தெரியாமலே மறைந்துபோகின்றனர்!

பிணக்குகளும் பிழைப்பும்

இச்சங்கங்களில் சண்டையே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நம்பவும் வேண்டாம். புதிய ஐஸ்லாந்தின் தொடக்க ஆண்டுகளிலேயே இரு போதகர்களின் கொள்கை வேறுபாட்டால் மக்கள் இரண்டாகப் பிரிந்தனர். ஒரு சாரார் அமெரிக்க எல்லை கடந்து டக்கோட்டாவுக்கே குடிபெயர்ந்துவிட்டனர். வின்னிபெக்கிலும் லூத்தரன் சபையார் ஒரு பக்கம், ஒருமைக் கோட்பாட்டுச் சபையார் மறுபக்கம். லோக்பெர்க் ஓர் அரசியல் கட்சியை ஆதரிக்க, ஹெய்ம்ஸ்கிரிங்லா மற்றொன்றை ஆதரித்தது. எழுதிய ஏச்சுகளும் கொஞ்சமல்ல. எனினும் விருந்துப் பந்தியில் இரு சாராரும் அருகருகே அமர்ந்தனர். மொழி அறிந்தோர் குறைந்து, செலவு மிகுந்தபோது இரு இதழ்களும் தம் பெயர்களைச் சிறு கோட்டால் இணைத்துக்கொண்டு ஒன்றாயின. தோற்றது யார் என்ற கேள்வி எழாதவாறு இரு பெயரும் நிலைத்தன.

இன்று அவர்களை எதிர்நோக்கும் சோதனை வேறு. கூட்டத்துக்கு வருவோரில் நரைத்த தலைகளே மிகுதி. இளைஞர் நகரம் மாறுகின்றனர். பல இனத்தில் மணம் புரிகின்றனர். எட்டுக் கொள்ளுப்பாட்டன் பாட்டியரில் ஒருவர் மட்டும் ஐஸ்லாந்தராக உள்ள பிள்ளை, தன்னை என்னவென்று சொல்லும்?

இதற்கு மாற்றாக அவர்கள் கண்ட வழிகளுள் ஒன்று, 1999இல் தொடங்கிய 'ஸ்னோரி' திட்டம். குடியேறியோர் வழிவந்த இளைஞர்களைக் கோடையில் சில வாரங்கள் ஐஸ்லாந்துக்கு அனுப்புகின்றனர். அங்கே மொழி பயில்வதோடு, வழிமரபு ஏடுகளின் துணையால் கண்டறிந்த தூரத்து உறவினர் வீட்டிலேயே தங்கி வேலையும் செய்கின்றனர். நூறாண்டுக்கு முன் பிரிந்த அண்ணன் தம்பியரின் வழிவந்த பிள்ளைகள் ஒரே மேசையில் அமர்ந்து உண்கின்றனர். திரும்பி வருவோரில் சிலர் சங்கத்தின் செயலராகவும் பொருளாளராகவும் பொறுப்பேற்கின்றனர்.

மற்றொரு வழி, கதவைத் திறந்து வைத்தல். ஐஸ்லாந்து இரத்தம் எத்தனை பங்கு என்று வாசலில் எவரும் கேட்பதில்லை. மருமகளாக வந்த உக்ரேனியப் பெண்ணோ, மருமகனாக வந்த பிலிப்பைன்சுக்காரரோ மாவைத் தேய்க்க முன்வந்தால் தேய்க்கலாம். வீனர்தெர்த்தாவை நன்கு செய்யக் கற்றுக்கொண்டவர் அதைத் தம் மக்களுக்குக் கற்பிக்கிறார். அதன்பின் அது அவர்களுடையதும் ஆகிறது.

வாசகர்களே, நம் குடும்பங்களிலும் பிள்ளைகள் வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வாழ்கின்றனர். விடுமுறையில் வரும் பேரப்பிள்ளைகள் தமிழ் பேசவில்லையே என்று வருந்தாத தாத்தா பாட்டியர் குறைவு. அவர்கள் வரும்போது நாம் என்ன செய்கிறோம்? முறுக்கும் அதிரசமும் முன்னதாகவே சுட்டு டப்பாக்களில் நிரப்பி வைத்துவிடுகிறோம். பிள்ளை களைத்து வருகிறதே என்னும் பாசம் அது. ஆனால் தின்று முடித்த பண்டம் நாவில் சிறிது நேரம் நிற்கும். சுடக் கற்ற பண்டம் கையில் நிலைத்து நிற்கும். வீணாகுமே என்று அஞ்சாமல் ஒரு படி மாவைப் பேத்தியிடம் கொடுங்கள். கோணல் முறுக்கு வரட்டும். எண்ணெய்ச் சட்டியருகே நீங்கள் நின்றுகொள்ளுங்கள். அவ்வேளையில் மாவைப் பற்றியும் அச்சைப் பற்றியும் சொல்ல வேண்டிய சொற்களைத் தமிழிலேயே சொல்லுங்கள். அச்சொற்களில் நான்கைந்தேனும் விமானம் ஏறிப் போகும்.